சாவி இல்லாமல் சுழன்ற விசிறி

சித்தப்பாவின் துப்பறியும் அலுவலகம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே இருந்தது. கீழேயிருந்து வரும் அலறலைக் கேட்டே பாதிக் கட்சிக்காரர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். மீதிப் பேரிடம் உண்மையை வாங்கத்தான் சித்தப்பா.

இருபத்திரண்டு வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துகளை ஆராய்ந்தவர் அவர். தானாகவே தீப்பிடித்த கடைகள், தானாகவே ஏரிக்குள் இறங்கிய லாரிகள் என்று பார்த்துப் பார்த்து, உலகத்தில் எதுவுமே தானாக நடப்பதில்லை என்ற முடிவுக்கு வந்து வேலையை விட்டவர். அவருடைய அண்ணன் மகள்தான் உதவியாளர். ஆறு வயதில் அவர் போகும் இடத்துக்கெல்லாம் பின்னாலேயே ஓடியதால் வீட்டில் அவளுக்கு வால் என்று பெயர். இருபத்தெட்டு வயதாகிவிட்டது. ஓடுவது நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை வந்து உட்கார்ந்தவள் தையல் கடைக்காரி. நாற்பது வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் ஊசித் தடம்.

"என் தம்பி ஃப்ளையிங் கிளப்புல மெக்கானிக் சார். முந்தாநாள் சாயங்காலம் போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அதுக்கு முந்தின நாள்தான் அவனுக்குப் பொண்ணு பொறந்தா. இன்னும் ஒழுங்காத் தூக்கிக்கூடப் பாக்கல."

"அந்த ஏரோப்ளேன் கேஸா?" என்றாள் வால். "கேப்டன் கை உடைஞ்சுதே?"

ஊருக்கே தெரிந்த விஷயம்தான். பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்திருந்தது. வியாழன் காலை கிளப்பைப் பற்றி எழுத ஒரு பெண் நிருபர் போயிருக்கிறாள். கிளப் செயலாளர் அவளுக்காக நீல விமானத்தைக் கிளப்பிக் காட்டப் பார்த்திருக்கிறார். அது கிளம்பவில்லை. சாவியை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். போட்டோவுக்காக நிருபர் விமானத்தின் மூக்கிலிருந்த விசிறியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், லேசாகத் திருப்பினாள். அணைந்து கிடந்த எஞ்சின் 'டப்'பென்று ஒரு உதை உதைத்து விசிறியைச் சுழற்றிவிட்டது. தலைமைப் பயிற்சியாளர் கேப்டன் பாய்ந்து வந்து அவளைத் தள்ளிவிட்டிருக்காவிட்டால் செய்தி வேறு பக்கத்தில், கறுப்புக் கட்டம் போட்டு வந்திருக்கும். அவளுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவருக்கு வலது முன்கையில் இரண்டு எலும்பும் முறிவு.

எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தபோது ஒரு வயர் கழன்று தொங்கியது. அந்த இடத்தைக் கடைசியாகப் பிரித்து மாட்டிக் கையெழுத்துப் போட்டவர் மெக்கானிக். ஒரே பத்தியில் ஒருவர் வீரர் ஆனார், ஒருவர் குற்றவாளி ஆனார். பத்திரிகைக்கும் இடம் மிச்சம், போலீசுக்கும் வேலை மிச்சம்.

"உங்க தம்பி அஜாக்கிரதையான ஆளா?" என்று கேட்டார் சித்தப்பா.

"வீட்டுக் கதவைப் பூட்டிட்டு நாலு தடவை இழுத்துப் பாப்பான் சார். அவன் பொண்டாட்டிக்கு அதுலயே பாதி ஆயுசு போச்சு."

சித்தப்பா எழுந்து சட்டைப்பையில் பேனாவைச் செருகிக்கொண்டார். கேஸை எடுத்துக்கொண்டார் என்று அதற்கு அர்த்தம்.

காவல் நிலையத்தில் மெக்கானிக் ஒரு பெஞ்சின் ஓரத்தில், பெஞ்சுக்கு வலிக்கக்கூடாது என்பதுபோல் உட்கார்ந்திருந்தான். ஒல்லியான ஆள். மூன்று நாளாகத் தூங்காத கண்.

"சாவி இல்லாம எஞ்சின் எப்படிய்யா ஓடும்?" என்றார் சித்தப்பா.

"ஓடும் சார். இது கார் மாதிரி கிடையாது. இதுல மேக்னெட்டோன்னு ஒண்ணு இருக்கு. எஞ்சின் சுத்தினா அதுவே நெருப்புப் பொறி உண்டாக்கிக்கும். பேட்டரி வேணாம், சாவி வேணாம். நடுவானத்துல பேட்டரி செத்துப் போனாலும் எஞ்சின் நிக்கக்கூடாதில்ல, அதுக்காக."

"அப்ப சாவி எதுக்கு? அழகுக்கா?" என்றாள் வால்.

"சாவியை அணைச்சா ஒரு சின்ன வயர் வழியா அந்தப் பொறி வீணாப் போயிடும். மேக்னெட்டோவோட வாயைப் பொத்துற வயர்னு வெச்சுக்கங்க. அது கழண்டுபோச்சுன்னா வாயைப் பொத்த ஆள் இல்ல. சாவி எங்க இருந்தாலும் சரி, விசிறியைக் கையால திருப்பினாலே பொறி வரும். உள்ள பெட்ரோல் இருந்தா உதைக்கும்."

"வாயைப் பொத்துற வயர் ஒண்ணு நம்ம ஆஃபீசுக்கும் வேணும்," என்றார் சித்தப்பா, வாலைப் பார்க்காமலே. "நீ அதைச் சரியா மாட்டினியா?"

"போன வாரம் வெள்ளிக்கிழமை மாட்டினேன். மாட்டி இழுத்துப் பாத்தேன்."

"நாலு தடவையா?"

மெக்கானிக் ஆச்சரியமாக நிமிர்ந்தான். "ஆமா."

மறுநாள் சனிக்கிழமை விடியற்காலை மனைவிக்கு வலி எடுத்ததாகவும், அன்றிலிருந்து வியாழன் வரை ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை என்றும் சொன்னான். நர்சுகளே சாட்சி. வியாழன் சாயங்காலம் லீவை நீட்டிக்கச் சொல்லிக் கேட்கக் கிளப்புக்குப் போனவனை, வந்த காலோடு பிடித்துக்கொண்டார்கள்.

"உனக்கு அங்க யாரோட சண்டை?"

மெக்கானிக் தரையைப் பார்த்தான். "யாரும் இல்ல சார்."

"தரையில பதில் எழுதியிருக்கா?"

"ஒருத்தர்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். மாசக் கடைசி வரைக்கும் பேச மாட்டேன்னு."

"அண்ணே, இப்ப வாக்கு முக்கியமா, லாக்கப் முக்கியமா?" என்றாள் வால்.

வாயைப் பொத்துகிற வயர் அவனுக்குள் மிக நன்றாக மாட்டப்பட்டிருந்தது.

விமானக் கொட்டகையில் இரண்டு விமானங்கள் நின்றன. ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். நீலத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, "இதுல ஏறிப் போகணுமா, இல்ல இதைத் தூக்கிட்டுப் போகணுமா?" என்று கேட்டாள் வால்.

செயலாளருக்கு அது பிடிக்கவில்லை. ஆள் பிளாஸ்டிக் வாளித் தொழிற்சாலை முதலாளி. கொட்டகைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். தோளில் நான்கு தங்கப் பட்டைகள். அந்தப் பட்டையை யார் கொடுப்பார்கள் என்று வால் பணிவோடு விசாரித்தாள். தைக்கச் சொன்னேன் என்றார் அவரும் பணிவோடு.

சித்தப்பா எஞ்சின் மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். வயர் தொங்கிக்கொண்டிருந்தது. அது மாட்டியிருக்க வேண்டிய திருகில், பட்டாணி அளவு நட்டு ஒன்று இருந்தது. விரலால் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை.

"வாலு, இங்க வா. இந்த நட்டைத் திருப்பு."

வால் நகம் உடையத் திருப்பினாள். "பலமா இறுக்கியிருக்கு சித்தப்பா."

"வயர் எங்க இருக்கு?"

"வெளிய."

"அதாவது, நட்டு தானாக் கழண்டு, வயரை வெளிய அனுப்பிட்டு, மறுபடியும் தானாவே ஏறி இறுக்கிக்கிச்சு."

"நல்ல வளர்ப்பு," என்றாள் வால். "கதவைத் திறந்துட்டு மூடாமப் போற நட்டுங்கதான் அதிகம்."

ஆகவே ஒரு கை வேலை செய்திருக்கிறது. ஆனால் சித்தப்பாவின் முகத்தில் திருப்தி இல்லை. மெக்கானிக் மேல் பழி போட நினைத்தவன் நட்டைத் தளர்வாக விட்டிருப்பானே, அப்போதுதானே அஜாக்கிரதை போலத் தெரியும்? எதற்காக மெனக்கெட்டு இறுக்கினான்? கேள்வியை அவர் சத்தமாகக் கேட்டார். செயலாளர், தன்னைக் கேட்டதாக நினைத்து, வாளி மூடிகளைப் பற்றி ஏதோ சொன்னார்.

"அன்னிக்கு நீங்க எப்படி ஸ்டார்ட் பண்ணினீங்க?" என்றார் சித்தப்பா.

செயலாளர் நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாம் புஸ்தகப்படி. பெட்ரோல் வால்வு திறந்தேன். வேகம் கூட்டற த்ராட்டில் கால் அங்குலம். அப்புறம் ப்ரைமர். அதாவது, குளிர்ந்த எஞ்சினுக்குக் கையால கொஞ்சம் பெட்ரோலை உள்ள அடிச்சு விடணும்."

"எத்தனை தடவை?"

"புஸ்தகத்துல மூணு. பத்திரிகைக்காரங்க வந்திருக்காங்களேன்னு பத்து அடிச்சேன்."

"விருந்தாளிக்குப் பரிமாறின மாதிரி," என்றாள் வால்.

வயிறு முட்டப் பெட்ரோல் குடித்த எஞ்சின் கிளம்ப மறுத்துவிட்டது. பெட்ரோல் உள்ளேயே நின்றது. அந்த நிலையில்தான் நிருபர் விசிறியைத் திருப்பியிருக்கிறாள்.

"அதுக்கு முன்னாடி வரைக்கும் ப்ளேன் நல்லா இருந்துச்சா?"

"நல்லாவா? பிரமாதமா இருந்துச்சு! நான்தான் தினமும் இதை ஓட்டறேன். பாருங்க." செயலாளர் ஒரு தடித்த நோட்டை எடுத்து விரித்தார். "பறக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணுவோம். எஞ்சினுக்கு ரெண்டு மேக்னெட்டோ. ஒண்ணை அணைச்சா இன்னொண்ணு மட்டும் இழுக்கும். கொஞ்சம் திணறும், சுத்து குறையும். எவ்வளவு குறையுதுன்னு எழுதணும்."

சித்தப்பா விரல் வைத்துப் படித்தார். சனிக்கிழமை: இடதை அணைத்தால் எழுபத்தைந்து சுற்று குறைவு, வலதை அணைத்தால் எண்பது. ஞாயிறு காலை: எழுபது, எண்பது. திங்கள்: இடது, பூஜ்யம். வலது, எண்பது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் செயலாளரின் கொழுத்த கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'பூரண ஆரோக்கியம்!' செவ்வாயும் புதனும் அதே பூஜ்யம், அதே ஆரோக்கியம்.

"இடதை அணைச்சும் எஞ்சின் திணறவே இல்ல. ஏன்?"

"அவ்வளவு நல்ல எஞ்சின்," என்றார் செயலாளர்.

"இடது அணையவே இல்லய்யா! அதனாலதான் திணறல. வயர் இல்ல. வாயைப் பொத்தினாலும் பேசிட்டே இருந்திருக்கு. மூணு நாளா அது உங்க காதுகிட்ட 'நான் அணையல, நான் அணையல'ன்னு கத்தியிருக்கு. நீங்க ஆரோக்கியம்னு எழுதி ஆச்சரியக்குறி வேற போட்டிருக்கீங்க."

செயலாளர் முதல்முறையாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே இருந்த கண்கள் மிகச் சாதாரணமாக, கொஞ்சம் பயந்துபோய் இருந்தன.

வால் விரல் விட்டு எண்ணினாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வயர் சரியாக இருந்திருக்கிறது. அப்படியானால் மெக்கானிக் வெள்ளிக்கிழமை ஒழுங்காகத்தான் மாட்டியிருக்கிறான். ஞாயிறு மாலைக்கும் திங்கள் காலைக்கும் நடுவில் யாரோ கழற்றியிருக்கிறார்கள். அப்போது அவன் ஆஸ்பத்திரியில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கொட்டகைச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு. கேப்டன்கிட்ட ஒண்ணு."

வெளியே வந்ததும் வால் குதித்தாள். "இவன்தான் சித்தப்பா! தெரியாத மாதிரி நடிக்கிறான். தினமும் ஓட்டறவன், சாவி வெச்சிருக்கறவன்."

"பூஜ்யத்தை மறைக்காம எழுதியிருக்கானே."

"அதுவும் நடிப்பு."

"அவ்வளவு நடிக்கத் தெரிஞ்சவன் எதுக்கு வாளி பண்றான்?" என்றார் சித்தப்பா. "அந்த நிருபரைப் பாக்கலாம், வா."

நிருபர் பத்திரிகை அலுவலகத்தின் ஒரு மூலையில், முழங்காலில் பிளாஸ்திரியோடு இருந்தாள். கூட வந்த போட்டோகிராபர் அன்று எடுத்த நாற்பது படங்களையும் கணினியில் ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினாள். பத்திரிகையில் வந்தது கடைசிப் படம்: கேப்டன் தரையில், நிருபர் அவர் பக்கத்தில்.

"அதுக்கு முந்தினதைக் காட்டும்மா," என்றார் சித்தப்பா.

நிருபர் விசிறியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். விசிறி அசையாமல் நிற்கிறது, அதில் ஒட்டியிருந்த பூச்சிகூடத் தெளிவாகத் தெரிகிறது. அவளுக்குப் பின்னால், இருபதடி தூரத்தில், கேப்டன். ஒரு கால் தரையில் இல்லை. வாய் முழுக்கத் திறந்திருக்கிறது. கை நீண்டிருக்கிறது.

"அடேங்கப்பா," என்றாள் வால். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "இரு இரு. விசிறி இன்னும் சுத்தவே ஆரம்பிக்கல. இவரு எதுக்கு ஓடி வர்றாரு?"

"விமானக்காரங்க எல்லாருமே அப்படித்தானாம்," என்றாள் நிருபர். "எந்த ப்ரொப்பல்லரையும் உயிரோட இருக்கற மாதிரியே நினைக்கணும்னு பாடம் நடத்துவாங்களாம். அந்த ஜாக்கிரதைதான் என்னைக் காப்பாத்திச்சு."

"இருக்கலாம்," என்றார் சித்தப்பா. "இன்னும் பின்னாடி போ."

இருபத்திரண்டு நிமிடம் முன்னால் எடுத்த படம் வந்தது. மஞ்சள் விமானம். அதே நிருபர், அதன் விசிறியில் ஊஞ்சல் கம்பியைப் பிடித்ததுபோல் தொங்கிக்கொண்டு நிற்கிறாள். பக்கத்திலேயே கேப்டன் நிற்கிறார். அவருடைய கையும் விசிறி மேல். படத்துக்கு வாகாக அதைத் திருப்பிவிடுகிறார். முகம் நிறையச் சிரிப்பு.

நிருபர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"மஞ்சள் விசிறி செத்தது," என்றாள் வால் மெதுவாக. "நீல விசிறி உயிரோட இருக்கறது. இவருக்குத் தெரியும்."

"ஓடி வந்து உன்னைக் காப்பாத்தினவரும்மா அவரு," என்றார் சித்தப்பா நிருபரிடம். "அது பொய் இல்ல. அதை மட்டும் மறந்துடாதே."

ஆஸ்பத்திரியில் கேப்டனின் கட்டிலைச் சுற்றி ஒரு கல்யாண வீட்டுக்குப் போதுமான பூங்கொத்துகள். அறுபது வயதிலும் நிமிர்ந்த உடம்பு. வலது கை கட்டுப்போட்டு ஒரு கம்பியில் தொங்கியது. வால் வணக்கம் சொன்னபோது அவர் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்துப் பதில் சொன்னார். பெரிய ஆள்தான், முகத்தைப் பார்த்துப் பேசினால் பதக்கம் விழுந்துவிடும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

சித்தப்பா நோட்டின் திங்கட்கிழமைப் பக்கத்தை நகலெடுத்து வந்திருந்தார். அதைக் கேப்டனின் இடது கையில் கொடுத்தார்.

"செயலாளர் எழுதின கணக்கு. சரியா இருக்கா கேப்டன்?"

கேப்டன் தாளை முன்னால் பிடித்தார், கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினார். "ம்ம். எழுபது, எண்பது. சரியாத்தான் இருக்கு."

வால் எட்டிப் பார்த்தாள். பூஜ்யமும் 'பூரண ஆரோக்கியம்!' என்ற எழுத்தும் சுவர் விளம்பரம்போல அவளைப் பார்த்தன. அவளுடைய வாய், வரலாற்றில் முதல்முறையாக, திறக்கவில்லை.

சித்தப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு நட்டு என்னைக் காலையிலருந்து படுத்துது கேப்டன். வயர் வெளிய கிடக்கு, நட்டு இறுக்கமா இருக்கு. கெடுக்கணும்னு நினைச்சவன் நட்டை இறுக்க மாட்டான். திரும்ப மாட்டணும்னு நினைச்சவன்தான் இறுக்குவான். ஆனா அவன் மாட்டின வயர் உள்ள போகல. கண்ணு தெரியற எவனும் அதைக் கவனிச்சிருப்பான். கழட்டினவன் கெட்டவன். இறுக்கினவன் நல்லவன். கொட்டகைச் சாவி ரெண்டுதான். செயலாளருக்குக் கண்ணு நல்லாத் தெரியும், மத்ததுதான் எதுவும் தெரியாது. அதனால கெட்டவனும் நல்லவனும் ஒரே ஆளுன்னு எனக்குத் தோணுது."

கேப்டன் நெடுநேரம் ஜன்னலின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்கு?" என்று கடைசியில் கேட்டார்.

வால் படித்துக் காட்டினாள். ஆச்சரியக்குறியையும் சேர்த்து.

கேப்டனுக்குச் சிரிப்பு வந்தது. கை வலித்ததால் பாதியில் நின்றது. "பூரண ஆரோக்கியம்! திங்கட்கிழமை காலையில டெஸ்ட் பண்ணிட்டு அந்த ஆள் கத்திக்கிட்டு ஓடி வருவாருன்னு நான் காத்திருந்தேன். வாளி விக்கறவரு வாளி மாதிரியே வந்தாரு. காலியா."

"மெக்கானிக் என்ன தப்பு பண்ணினான்?"

"உண்மையைச் சொன்னான். என் கண்ணுல நடுவுல ஒரு கறுப்புப் பொட்டு. வருஷமாச்சு. ஓரத்துல தெரியும், நேராப் பாத்தா தெரியாது. உங்க பொண்ணோட முகமே எனக்குப் பொட்டுதான். காதைப் பாத்தாத்தான் முகம் தெரியுது."

வால் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ப்ளேன்ல இருக்கற மீட்டர் முள்ளைப் படிக்க முடியாது. படிக்க வர்ற பிள்ளைங்ககிட்ட, 'உயரம் எவ்வளவு, சத்தமாச் சொல்லு'ன்னு பாடம் மாதிரி கேட்டு ஓட்டிக்கிட்டு இருந்தேன். யாருக்கும் தெரியல. அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. 'மாசக் கடைசிக்குள்ள நீங்களே விலகிடுங்க கேப்டன், அதுவரைக்கும் நான் வாய் திறக்க மாட்டேன்'னான். முப்பத்தோரு வருஷமா மேல இருந்தவன் சார் நான். கீழ எனக்கு என்ன இருக்கு? அஜாக்கிரதைன்னு சொல்லி அவனை அனுப்பிட்டா, அப்புறம் அவன் என் கண்ணைப் பத்திச் சொன்னாலும் வஞ்சத்துல சொல்றான்னுதான் நினைப்பாங்க. அதுக்காகக் கழட்டினேன். யாருக்கும் அடிபடணும்னு நினைக்கல."

"விசிறிகிட்ட சொன்னீங்களா அதை?" என்றார் சித்தப்பா.

கேப்டன் அந்த அடியை வாங்கிக்கொண்டார். "மூணு நாள் தூக்கம் வரல. புதன்கிழமை சாயங்காலம் மாட்டிடலாம்னு போனேன். பட்டாணி அளவு நட்டு. தடவித் தடவி இறுக்கினேன். வயர் உள்ள போயிடுச்சுன்னுதான் நினைச்சேன். ஆனா உறுதியாத் தெரியல. யாரைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்றது?" உலர்ந்த உதட்டை நனைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு நீல ப்ளேன்ல கை வெச்சப்ப, ஓரத்துல இருந்ததால நல்லாத் தெரிஞ்சுது."

"நின்ன இடத்துலயே நின்னிருந்தா எங்களுக்கு எதுவும் கிடைச்சிருக்காது," என்றார் சித்தப்பா. இப்போது அவர் குரலில் நக்கல் இல்லை. "ஓடினதாலதான் மாட்டினீங்க."

"ஓடாம இருக்க முடியல."

கேப்டன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார முயன்றார். வால் தலையணையைச் சரிசெய்தாள்.

"பேப்பர் இருக்காம்மா? நான் சொல்றதை எழுது. அழகா எழுதாதே, நடந்ததை எழுது."

வால் எழுதினாள். ஒன்றரைப் பக்கம் வந்தது. முழுவதையும் அவருக்கு இரண்டு முறை படித்துக் காட்டினாள். கேப்டன் இடது கையால், கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று அவள் விரலை வைத்துக் காட்டிய இடத்தில், கோணலாகப் போட்டார்.

மாலை நான்கு மணிக்கு மெக்கானிக்கை வெளியே விட்டார்கள். வாசலில் அவன் அக்கா நின்றிருந்தாள். தம்பியைப் பார்த்ததும் அழுவதா திட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் ஒரே மூச்சில் செய்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவை அவளே பேசிக் காத்திருக்க வைத்திருந்தாள்.

சித்தப்பா கடிதத்தின் நகலை மெக்கானிக்கிடம் கொடுத்தார். அவன் அதை நின்றபடியே படித்தான். முதல் பக்கத்தைப் படிக்கும்போது முகம் கறுத்தது. இரண்டாம் பக்கத்தில், நட்டைத் தடவித் தடவி இறுக்கிய இடத்துக்கு வந்ததும், அங்கேயே நின்றுவிட்டான். அந்த வரியை மறுபடியும் படிப்பது வாலுக்குத் தெரிந்தது.

"என்ன மனுஷன் இவரு," என்றான் மெதுவாக. "கண்ணு தெரியலன்னா எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கக்கூடாதா? ஆஸ்பத்திரியில இருந்து அரை மணி நேரம். வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போயிருப்பேனே."

அக்கா ஆட்டோவில் வைத்த காலை எடுத்துவிட்டாள்.

"டேய்! உன்னைச் சிக்க வைக்கத்தான்டா அந்த ஆள் கழட்டினதே! உன்னையே கூப்பிட்டு மாட்டச் சொல்லணுமா?"

"அது வேற அக்கா," என்றான் மெக்கானிக். "அந்த நட்டு ரொம்பச் சின்னது. அவரால எப்படி முடியும்?"

அக்கா அவன் முதுகில் கை வைத்து ஆட்டோவுக்குள் தள்ளினாள். பிள்ளையைத் தூக்கப்போகும் கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே போனான் அவன். வால் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கர்ச்சீப்பை எடுத்து, தூசி விழுந்துவிட்டதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.